சரிவுகளை வரைகிறவர்

ஏற்காட்டில் சமதளம் கிடைப்பது அரிது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்து சேர்ந்த பிறகு, ஏரிக்கரையையும் பள்ளி மைதானங்களையும் விட்டால் மற்ற இடமெல்லாம் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே கிடக்கும். வாசலில் வைத்த பந்து தானாக உருண்டு அடுத்த தோட்டத்துக்குள் போய்விடும். பந்துகள் காணாமல் போகிற அந்த ஊரில் வளர்ந்த ஒரு பெண், இன்று பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் விளையாடும் இடங்களை வடிவமைத்துத் தருகிறார். அவருடைய வரைபடத் தாளில் ஊஞ்சல் வருவதற்கு முன்பே சம உயரக் கோடுகள் வந்துவிடும். தட்டையான நிலத்தைப் பார்த்தால் எதை மேடாக்கலாம், எதைப் பள்ளமாக்கலாம் என்றே பென்சில் அலையும்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காப்பித் தோட்டத்திலிருந்து என்பார்.

சேர்வராயன் மலையில் காப்பி வேர்விட்டு இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்த பயிர் அது. இன்றும் சில்வர் ஓக் நிழலில் காப்பி, அந்த மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி, இடையிடையே பலாவும் ஆரஞ்சும் என்றே பல தோட்டங்கள் இருக்கின்றன. 1980-களில் அவருடைய அப்பா அப்படி ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதினார். வீட்டுக்குப் பின்புறம் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள். அங்கே அவர் வயதுப் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. கடையில் வாங்கிய பொம்மை யாரிடமும் இருந்ததாக அவருக்கு நினைவில்லை. இருந்ததெல்லாம் இடம்.

அரபிகாச் செடியை அதன் போக்கில் விட்டால் மரமாகிவிடும். பறிக்கிற கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காக ஐந்தடி, ஐந்தரை அடியில் நுனியை வெட்டி நிறுத்துவார்கள். பெரியவர்களுக்கு அது தோளுயரப் புதர். ஏழு வயதுச் சிறுமிக்கோ அது கூரை. அடியில் குனியாமலே ஓடலாம். வரிசைக்கு வரிசை சந்துகள், சந்துக்குச் சந்து குறுக்கு வழிகள், மழைக்கு ஒதுங்க ஒரு செடி, கோபித்துக்கொண்டு உட்கார வேறொரு செடி. உள்ளேயிருந்து பார்த்தால் வேலை செய்கிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். பாதத்தையும் கொலுசையும் வைத்தே இன்னாரென்று சொல்லிவிடுவார்கள். மேலேயிருந்து பார்க்கிற பெரியவர்களுக்கோ, எந்தச் செடி ஆடுகிறது என்பதை வைத்துப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஒளிந்திருக்கிறோம் என்று பிள்ளைகளுக்கு நிறைவு. கண் பார்வையில்தான் இருக்கிறார்கள் என்று தாய்மாருக்கு நிம்மதி. இந்த இரட்டை ஏற்பாட்டை யாரும் திட்டமிடவில்லை. பிற்காலத்தில் ஒவ்வொரு பள்ளி வளாகத்திலும் ஒரு தாழ்ந்த கொடிப்பந்தலை அவர் வைப்பதற்குக் காரணம் அதுதான். டீச்சரின் கண் அதற்கு மேலே போகும். பிள்ளையின் தலை அதற்குக் கீழே நுழையும்.

மார்ச், ஏப்ரலில் கோடை மழை இறங்கியதும் காப்பிப் பூ பூக்கும். மலை முழுக்க மல்லிகை வாசம். அந்தச் சில நாட்கள் செடிகளுக்கு இடையே ஓடத் தடை; பூ உதிர்ந்தால் காய் போச்சு. அப்போது ஆட்டம் களத்துக்கு மாறும்.

களம் என்பது காப்பி உலர்த்துகிற சிமெண்டுத் தரை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் பறிப்பு. அந்தக் காலத்தில் களத்தில் கால் வைக்க முடியாது. மரப் பலகையால் கொட்டைகளைக் கிளறிவிடும்போது விழுகிற கோடுகளை ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பருவம் முடிந்து களம் காலியானால் அது பிள்ளைகளுடையது. கரிக்கட்டையால் கட்டம் போட்டு நொண்டி ஆடுவார்கள். பழைய சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டுவார்கள். மழைநீர் வடிய வேண்டும் என்று களத்துக்கு லேசான வாட்டம் கொடுத்திருப்பார்கள். அந்த வாட்டத்தில் டயர் தானாக வளைந்து திரும்பும் இடம் எது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அவரை இந்தத் தொழிலுக்குள் தள்ளிவிட்டது களமோ காப்பிச் செடியோ அல்ல. களத்துக்குக் கீழே இருந்த புல் சரிவு.

ஜனவரியில் புல் காய்ந்து பொன்னிறமாகிவிடும். சணல் சாக்கில் உட்கார்ந்து மேலேயிருந்து சறுக்கினால் கீழே ஓடையோரத்து மண்மேட்டில் போய் முட்டி நிற்கலாம். சாக்கின் முன்முனையைச் சுருட்டி இரண்டு கையாலும் இழுத்துப் பிடிக்க வேண்டும். குதிகாலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். பாதி வழியில் ஒரு பாறை வரும். அதற்கு முன்பே உடம்பை இடப்பக்கம் சாய்க்க வேண்டும். சாய்க்கத் தவறினால் முழங்கை தேயும். இதெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. பெரிய பையன்கள் போவதைப் பார்த்துச் சின்னவர்கள் பழகினார்கள்.

சாக்கு கிடைப்பதுதான் சிக்கல். ஸ்டோருக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்ததில் ஒன்றை உருவியபோது மேஸ்திரி பிடித்துவிட்டார். “ஏ பாப்பா, அது காப்பி கட்டற சாக்கு. கிழிஞ்சா உங்கப்பாதான் கணக்குல எழுதணும், தெரியுமா?” என்றவர், உள்ளே போய் ஓட்டை விழுந்த சாக்குகள் சிலவற்றைக் கொண்டுவந்து போட்டார். “இந்தா, இதுல போங்க. காலைத் தூக்கிக்கிட்டுப் போகணும், கண்ணு.” அந்த மனிதர் பேரப்பிள்ளை எடுத்தவர். அவரும் சிறு வயதில் அதே சரிவில் இறங்கியிருக்கிறார் என்பது அந்த ஒரு வார்த்தையில் தெரிந்துவிட்டது.

எந்த ஆட்டத்திலும் வயது வரம்பு இல்லை. மூன்று வயதுத் தம்பியைக்கூட ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் தொட்டாலும் கணக்கில்லை, அவனைத் தொட்டாலும் அவுட் இல்லை. ஆனால் ஆட்டத்துக்குள் இருப்பான். யாராவது ஒரு அக்கா அவனை மடியில் வைத்துச் சறுக்குவாள். ஒரு வருடம் கழித்து அவனே தனியாகப் போவான். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த நல்ல சட்டங்களில் இது ஒன்று. வயதுவாரியாக வேலி போட்டுப் பிரிக்கிற இன்றைய பூங்காக்கள் இதைத் தொலைத்துவிட்டன.

விடுமுறையில் உறவினர்கள் வந்தால் ஊர் சுற்றல். சேலம் சாலையைப் பார்த்தபடி இருக்கும் பாறைகளுக்கு வெள்ளைக்காரர் காலத்திலேயே லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்று பெயர் வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கென்று தனிப் பாறை ஒதுக்கப்பட்ட ஊர் என்பதில் அவருக்கு அப்போதே பெருமை உண்டு. பகோடா பாயிண்டில் மலைவாழ் மக்கள் அடுக்கிய கற்குவியல்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு வந்த அன்று தோட்டத்துப் பிள்ளைகள் முழுக்கக் கல் அடுக்கினார்கள். மலையின் உச்சியில் சேர்வராயன் கோயில். குகைக்குள் குனிந்து போய்ச் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் கும்பிட வேண்டும். வெளியே வந்தால் நாலு பக்கமும் வானம். இருட்டான குறுகலிலிருந்து திடீரென்று விரிகிற அந்த வெளியை அவர் பிற்பாடு எத்தனையோ பள்ளிகளில் சிமெண்டுக் குழாயையும் புல்வெளியையும் வைத்துச் செய்துபார்த்திருக்கிறார்.

கட்டடக்கலை படிக்கச் சென்னைக்குப் போனார். வீடு, அலுவலகம், ஆஸ்பத்திரி என்று வரைந்து பழகிய நாட்களில் நூலகத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கண்ணில் பட்டது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த சிறு மாதிரி. ஒரு பக்கம் படிகள், மறுபக்கம் நீளமான சரிவு. கீழே ‘பிளே மவுண்டன்’ என்றும் 1933 என்றும் எழுதியிருந்தது. நூலகத்திலேயே நின்றபடி அவர் சிரித்துவிட்டாராம். களத்துக்குக் கீழே இருந்த அந்தச் சரிவை ஒருவர் நியூயார்க்கில் கட்ட நினைத்திருக்கிறார்!

அதை வடிவமைத்தவர் சிற்பி இசாமு நொகுச்சி. 1904-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். தந்தை ஜப்பானியக் கவிஞர் யோனே நொகுச்சி, தாய் அமெரிக்க எழுத்தாளர் லியோனி கில்மோர். பிள்ளைப் பருவத்தை ஜப்பானில் கழித்தார். கையால் பொருள் செய்யக் கற்றுத்தந்த ஒரு மழலையர் பள்ளியில் களிமண்ணில் கடல் அலை ஒன்றைச் செய்து நீல மெருகு பூசியதைத் தன் முதல் சிற்பமாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். சிகாசாகி என்ற கடலோர ஊரில் தாய் வீடு கட்டியபோது தச்சர்களோடு இருந்து வேலை பழகியவர். அப்படி வளர்ந்தவருக்கு, இரும்புக் கம்பிகள் நட்டுவைத்த நியூயார்க் விளையாட்டுத் திடல்கள் பொறுக்கவில்லை. நகரின் ஒரு கட்டடத் தொகுதி அளவுக்கு நிலத்தையே மலையாக எழுப்பலாம் என்றார். பனிக்காலத்தில் அதில் சறுக்கலாம், கோடையில் தண்ணீரோடு இறங்கலாம். நகரப் பூங்காத் துறையை நடத்திய ராபர்ட் மோசஸிடம் காட்டியபோது அவர் சிரித்து அனுப்பிவிட்டார்.

நொகுச்சி விடவில்லை. ஐக்கிய நாடுகள் சபை வளாகத்துக்கென்று 1950-களின் தொடக்கத்தில் ஒரு விளையாட்டுத் திடல் வரைந்தார், அதுவும் நிராகரிக்கப்பட்டது. 1960-களில் லூயி கானோடு சேர்ந்து நியூயார்க் ரிவர்சைடு பூங்காவுக்கு மறுபடி மறுபடி வரைந்தார். அகமதாபாத் ஐஐஎம் வளாகத்தை வடிவமைத்த அதே கான்தான். ஆண்டுக்கணக்கில் உழைத்தும் அது கட்டப்படவில்லை. கடைசியில் ஜப்பானின் சப்போரோ நகரம் குப்பை கொட்டும் நிலமொன்றைப் பூங்காவாக்க 1988-இல் அவரை அழைத்தது. முழுத் திட்டத்தையும் வரைந்து கொடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே இறந்துபோனார். மொயரெனுமா பூங்கா 2005-இல் முழுமை பெற்றது. அதில் 30 மீட்டர் உயரத்துக்கு ஒரு விளையாட்டு மலை நிற்கிறது. 1933-இல் பிளாஸ்டரில் செய்தது மண்ணில் எழும்ப அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. ஒரு மனிதர் தன் வாழ்நாளெல்லாம் ஒரு சரிவுக்காக வாதாடியிருக்கிறார் என்பதைப் படித்த அன்றுதான், தான் செய்யப்போகும் வேலை இதுதான் என்று அந்த ஏற்காட்டுப் பெண் முடிவு செய்தார்.

அதன்பின் தேடிப் படித்தார். ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் ஐக் 1947-இல் ஒரு சதுக்கத்தில் தொடங்கி, 1978-க்குள் 700-க்கும் மேற்பட்ட சிறு விளையாட்டுத் திடல்களை நகரத்தின் காலி மனைகளில் செருகினார். மணல் தொட்டி, தாண்டும் கற்கள், தொங்கும் கம்பிகள், அவ்வளவுதான். பெரும்பாலும் வேலிகூடக் கிடையாது. அதற்கு முன்பே, 1943-இல், ஜெர்மனி பிடித்து வைத்திருந்த டென்மார்க்கில் கோபன்ஹேகனுக்கு அருகே எம்ட்ரப்பில் பலகையும் செங்கல்லும் பழைய சாமான்களும் நிறைந்த ஒரு திடல் திறக்கப்பட்டது. அதைத் தூண்டியவர் நிலவடிவமைப்பாளர் சோரன்சன். தான் கட்டித்தந்த அழகான திடல்களை விட்டுவிட்டுக் குழந்தைகள் கட்டுமான இடங்களில் விளையாடுவதைக் கண்டவர் அவர். நம் ஊரில் இதைப் பார்க்க டென்மார்க் போக வேண்டியதில்லை. தெருவில் யாராவது வீடு கட்ட மணல் இறக்கினால், அன்று மாலை அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோரும் எங்கே இருப்பார்கள் என்பது நமக்குத் தெரியும்.

இன்னொரு கதை அவருக்கு மிகவும் பிடித்தது, அது தமிழ்நாட்டு மலையொன்றில் நடந்தது என்பதால். மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு, பிரம்மஞான சபையின் அழைப்பில், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வந்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கிலேய அரசுக்கு அவர் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார். ஊர் திரும்ப முடியாத அந்த ஆண்டுகளில் சில காலம் கொடைக்கானலில் இருந்தார். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் பயின்ற அங்கே, ஓடையும் பூச்சியும் இலையும் கல்லும் பாடமாகின. பேரண்டம் முழுவதையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்திக் குழந்தைக்குக் காட்டும் அவருடைய கல்விமுறை அந்தக் குளிரில்தான் உருவம் பெற்றது. ஐரோப்பாவின் புகழ்பெற்ற கல்வியாளருக்குப் பழனி மலைச் சரிவு புதிதாக ஒன்றைத் தந்தது என்பதில் ஏற்காட்டுக்காரர் ஒருவர் மகிழ்வதில் வியப்பில்லை.

இந்தியாவில் இன்று இந்த வேலையைப் பரவலாகச் செய்கிறவர்களில் பூஜா ராய் முக்கியமானவர். காரக்பூர் ஐஐடியில் கட்டடக்கலை படித்தபோது, ஆதரவற்ற குழந்தைகள் உடைந்த சாமான்களை வைத்து விளையாடியதைப் பார்த்து நண்பர்களோடு ஒரு திடல் கட்டினார். அதிலிருந்து பிறந்தது பெங்களூரின் ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ். கழித்துக் கட்டிய டயர்களை வண்ணமடித்து ஊஞ்சலாகவும் ஏணியாகவும் யானையாகவும் மாற்றி, நாடெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் நிறுவியிருக்கிறார்கள். டயரை நம் கதாநாயகியும் பயன்படுத்துகிறார். ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதம் உண்டு: ஒவ்வொரு டயரின் அடியிலும் துளை போட்ட பிறகே மண்ணில் பதிக்க வேண்டும். டயருக்குள் தேங்கும் மழைநீர் டெங்கு கொசுவுக்கு வீடு.

ஏற்காட்டில் கற்றதை அப்படியே சமவெளிக்கு இறக்கிவிட முடியாது. இது அவருக்கு வேலையில் இறங்கியதும் புரிந்தது. மலையிலிருந்து சேலம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் மே மாதத்தில் அங்கே வெயில் 40 டிகிரி. மலையில் இதமாக இருக்கும் இரும்புச் சறுக்குமரம் சேலத்து மதியத்தில் தோலைச் சுட்டுவிடும். ஆகவே சறுக்குப் பாதையை நிழல் விழும் இடமாகப் பார்த்து வைப்பார். மேற்கில் புங்க மரம் நடுவார். விரைவில் நிழல் தரும் மரம் அது. சறுக்குமரத்துக்குச் செலவழிக்க மனம் வருகிற நிர்வாகங்களுக்கு மரக்கன்றுக்கும் ஆறு மாதத் தண்ணீருக்கும் மனம் வருவதில்லை. இதற்காக அவர் போடும் சண்டை பெரிது.

அடுத்தது மணல். உயரத்திலிருந்து விழும் பிள்ளையைத் தாங்குவதற்கு உருண்டையான, கழுவிய மணல் வேண்டும். பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் கட்டடத்துக்கு நல்லது; கூர்முனைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு இறுகிவிடும் என்பதால் விழுவதற்கு ஆகாது. ஆற்று மணலோ எளிதில் கிடைப்பதில்லை. இந்த நெருக்கடிக்கு அவர் கண்ட வழி ஏற்காட்டிலிருந்தே வந்தது. கம்பத்தின் மேல் சறுக்குமரத்தை நிறுத்தினால் அதிலிருந்து விழ உயரம் உண்டு. மண்மேட்டின் சரிவில் பதித்துவிட்டால் பிள்ளை எந்த இடத்திலும் தரையிலிருந்து அரையடிக்கு மேல் இருக்காது. பக்கவாட்டில் உருண்டால் புல்லில் உருளும். மேட்டில் ஏற நூறு வழி. சக்கர நாற்காலிப் பிள்ளை மேலே வர ஒரு பக்கம் மட்டும் நீண்ட, மென்மையான ஏற்றம். ஒப்புக்குச் சப்பாணிகளும் பெரிய அண்ணன்களும் ஒரே மேட்டில் இருக்கலாம்.

பெற்றோர் கூட்டங்களில் கேள்வி ஒன்றுதான்: “ஏங்க மேடம், புள்ள விழுந்து கைய ஒடிச்சுக்கிட்டா யாருங்க பொறுப்பு?” அவர் இதைத் தட்டிக்கழிப்பதில்லை. கையோடு அளவுகோலைக் கொண்டுபோவார். ஐரோப்பியத் தரவிதி விளையாட்டுக் கருவியில் விழும் உயரத்துக்கு 3 மீட்டரை எல்லையாக வைக்கிறது. தன் மேடுகளில் அது எவ்வளவு என்று அளந்து காட்டுவார். கம்பிகளுக்கு நடுவே 89 மில்லிமீட்டருக்கும் 230 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட இடைவெளி ஏன் ஆபத்து என்று விளக்குவார்: உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அளவு அது. பிள்ளை கண்ணால் பார்த்துக் கணிக்கிற ஆபத்து வேறு, கண்ணுக்குத் தெரியாத பொறி வேறு. முதலாவதை வைத்திருக்க வேண்டும், இரண்டாவதைத் தேடித்தேடி அகற்ற வேண்டும். இந்த வேறுபாட்டைச் சொன்னதும் கூட்டத்தில் தாத்தா பாட்டிகள் தலையாட்டுவார்களாம். மரம் ஏறி வளர்ந்தவர்கள் அல்லவா.

நார்வே ஆய்வாளர் எல்லன் சாண்ட்செட்டர் 2007-இல் துணிச்சலான விளையாட்டை ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், கூரிய கருவி, நெருப்பும் நீரும் போன்ற ஆபத்துகள், கட்டிப்புரளல், காணாமல் போதல். அந்தப் பட்டியலைப் படித்தபோது அவருக்குத் தன் ஊர் வரிசையாக வந்து நின்றது. பாறை, சாக்கு, அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்த கவாத்துக் கத்தி, ஓடை, லயன் வீட்டுப் பையன்களோடு புரண்டது, கடைசியாக மேகம். ஏற்காட்டு மேகம் வந்தால் பத்தடி தள்ளி நிற்பவரைத் தெரியாது. தொலைந்துபோய்விட்டோம் என்று ஒரு நிமிடம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். மேகம் விலகினால் வீட்டு வாசலிலேயே நின்றிருப்போம்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. மைதானம் என்றாலே மட்டம் பார்த்துச் சமன்செய்த தரை என்று நாம் பழகிவிட்டோம். நாலு வயதுப் பிள்ளைக்கு அந்தத் தரையில் செய்ய என்ன இருக்கிறது? பெரிய பையன்கள் கிரிக்கெட் ஆடுவதைச் சுவரோரம் நின்று பார்க்கலாம். ஒரு மேடு, ஒரு பள்ளம், நகர்த்தக் கூடிய சில கட்டைகள், தண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தால் அதே இடம் பத்து மடங்கு பெரிதாகிவிடும். இதற்கு ஆகும் செலவு பிளாஸ்டிக் சறுக்குமரத் தொகுதி ஒன்றின் விலையைவிடக் குறைவு.

மலையடிவாரத்து ஊராட்சி ஒன்றின் அங்கன்வாடிக்குச் சமீபத்தில் மேடு போட்டார். குளத்து வண்டல் இலவசமாகக் கிடைத்தது. ஆனால் அது காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் வழுக்கும் என்று மறுத்துவிட்டு, பக்கத்தில் அஸ்திவாரம் தோண்டிய செம்மண்ணைக் கேட்டு வாங்கினார். பின்சரிவைப் பிடித்துவைக்க வெட்டிவேர் நாற்று, முன்சரிவுக்கு அருகம்புல். மதிப்பீடு போட்ட பொறியாளருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“மேடம், மேடுன்னு எந்தத் தலைப்புல எழுதறது?”

“மண் நிரப்புதல்னு எழுதிக்குங்க சார்.”

“நிரப்பினா மட்டமால்ல இருக்கணும்?”

“கொஞ்சம் அதிகமா நிரப்பிட்டோம்னு வெச்சுக்குங்க.”

இரண்டாவது டிராக்டர் மண்ணைக் கொட்டிவிட்டுத் திரும்புவதற்குள் முதல் குவியலின் உச்சிக்குப் பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். கீழே நின்ற அங்கன்வாடி ஆயா, “இன்னும் புல்லுகூட வெக்கலையே மேடம், இதுங்கள எப்படி இறக்கறது?” என்று கேட்டுக்கொண்டே தன் சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினார்.